கையால் வண்ணம் தீட்டிய பழைய மீன் படங்கள்: முதல் தாளை வாங்கும் முன்

காலை வெயில் சன்னல் வழியாகச் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு பழைய மீன் படத்தாளை எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் மீனின் வயிறு மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். கொஞ்சம் சாய்த்ததும் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து வெள்ளி கிளம்பி, செதில் செதிலாக வால் வரை ஓடும். 230 வருடங்களுக்கு முன்னால் பெர்லினில் யாரோ மெல்லிய தூரிகையால் வைத்த வெள்ளிப் பூச்சு அது. கூடையிலிருந்து அப்போதுதான் கொட்டிய மீன் மினுங்குமே, கிட்டத்தட்ட அதே மினுக்கம். ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டால் ஆசை விடாது. எனக்கும் விடவில்லை.

ஆசையோடு இணையத்தில் தேட ஆரம்பித்தால் 'அசல்', 'பழமையானது', 'கையால் தீட்டியது' என்ற மூன்று சொற்களும் எல்லா விற்பனைப் பக்கத்திலும் இருக்கும். நான் முதலில் வாங்கிய தாள் இவை மூன்றுமே இல்லை. பழுப்பேறிய மாதிரி சாயம் போட்ட புதுக் காகிதத்தில் எடுத்த அச்சு. பூதக்கண்ணாடி ஒன்று கையில் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை உங்களுக்குக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எந்தப் புத்தகத்துத் தாள்?

இந்தப் படங்களில் பெரும்பாலானவை சுவரில் மாட்டுவதற்காக அச்சிட்டவை அல்ல. ஒரு புத்தகத்துக்குள் இருந்த பக்கங்கள். பின்னால் ஏதோ ஒரு காலத்தில் தையல் பிரிந்தோ, யாரோ பிரித்தோ தனித்தனியாக வெளியே வந்தவை. அதனால் படத்தைப் பார்த்ததும் 'அழகாக இருக்கிறதா, என்ன விலை' என்று கேட்பதற்கு முன்னால் 'இது எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எத்தனையாவது படம்' என்று கேளுங்கள். புத்தகம் தெரிந்துவிட்டால் வருடம், தாளின் அளவு, அச்சு முறை, வண்ணத்தோடு வெளியானதா இல்லையா என்று எல்லாவற்றையும் அதை வைத்தே சரிபார்க்கலாம். புத்தகத்தின் பெயரைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் ஆரம்பத்தில் வாங்க வேண்டாம்.

எங்கே ஆரம்பிக்கலாம்

நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது மார்க்கஸ் எலீசர் ப்ளோக்கைத்தான். இவர் பெர்லினில் மருத்துவம் பார்த்தவர். 1782 முதல் 1795 வரை மீன்களைப் பற்றி 12 தொகுதிகள் வெளியிட்டார். தொகுதிக்கு 36 வீதம் 432 படங்கள். எல்லாம் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டு, பிறகு கையால் வண்ணம் தீட்டியவை. முதல் மூன்று தொகுதிகள் ஜெர்மனியின் மீன்கள், மீதி ஒன்பதும் வெளிநாட்டு மீன்கள்.

அந்த வெளிநாட்டு மீன்களில் நம் கடற்கரை மீன்களும் இருக்கின்றன. அப்போது டென்மார்க்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடியில் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் இருந்தார். 1771இல் வந்தவர். இவர் இங்கே கிடைத்த மீன்களைச் சேகரித்து ப்ளோக்குக்கு அனுப்பினார். கத்தாழை மீன்களின் பேரினத்துக்கு ப்ளோக் வைத்த 'ஜானியஸ்' என்ற பெயர் இந்த ஜானின் நினைவாகத்தான். அதில் ஒரு மீனின் முழு அறிவியல் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா என்பது லத்தீன் இல்லை, நம் 'கறுத்த'தான். தரங்கம்பாடி மீனவர்கள் சொன்ன சொல் பெர்லின் செப்புத் தகட்டில் ஏறி உலகம் முழுக்கப் போயிருக்கிறது. தேளி, கெளுத்தி மீன்களும் இதே வழியில் ப்ளோக்கிடம் போனவை. 1792இல் வந்த 322ஆம் படத்தில் நம் பனையேறிக் கெண்டையும், அடுத்த வருடம் வந்த 359ஆம் படத்தில் விராலும் உண்டு. முழு நூலையும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள், வீண் போகாது.

ப்ளோக்கின் தாளை அடையாளம் காண்பது ஓரளவு சுலபம். பெரிய படுக்கைவாட்டுத் தாள், நீளம் சுமாராக 40 சென்டிமீட்டர். மீனின் பெயர் ஒரே மொழியில் இல்லாமல் லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று வரிசையாக இருக்கும். மேலே பட எண் இருக்கும். பிற்காலத் தொகுதிகளுக்கு ப்ளோக்கின் கைப்பணம் போதவில்லை. வசதியுள்ள புரவலர்கள் செலவை ஏற்றார்கள், அவர்கள் பெயர் படத்தின் அடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இதே மீன்களைச் சின்னதாக வரைந்து 1801இல் பாரிஸில் காஸ்டெல் என்பவர் 10 சிறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்த உள்ளங்கை அகலத் தாள்களையும் 'ப்ளோக்' என்றே விற்பார்கள். அதுவும் பழையதுதான், வாங்கலாம். பெரிய தாளுக்கான விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ப்ளோக்கின் பெரிய தாள் பட்ஜெட்டுக்குள் வராவிட்டால் ஜார்டைன் பக்கம் போங்கள். 1833 முதல் 1843 வரை எடின்பரோவில் வில்லியம் ஜார்டைன் நடத்திய 40 தொகுதி வரிசை அது. அதில் சில தொகுதிகள் மீன்களுக்கானவை. லிசர்ஸ் என்ற செதுக்குநர் எஃகுத் தகட்டில் வெட்டிய நுணுக்கமான சின்னப் படங்கள். மீனுக்கு மட்டும் வண்ணம் இருக்கும், பின்னால் உள்ள ஆறும் கரையும் கறுப்புக் கோடுகளாகவே விடப்பட்டிருக்கும். ஏராளமாக அச்சானதால் விலையும் மலிவு, போலி செய்து லாபம் பார்க்கவும் வழியில்லை. கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதலில் இரண்டு ஜார்டைன் வாங்கி, ஒரு மாதம் அவற்றையே பார்த்துக்கொண்டிருங்கள்.

இலங்கை மீன்கள் மேல் பிரியம் உள்ளவர்கள் பென்னெட்டின் நூலைத் தேடலாம். 1830இல் லண்டனில் முழுமை பெற்றது, 30 வண்ணப் படங்கள். தீவின் தென்பகுதியில் உயிருள்ள மீன்களைப் பார்த்து வரைந்தது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும். ப்ளோக்கோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சாராயத்தில் ஊறிப் பல மாதம் கப்பலில் போன மீன் நிறத்தை இழந்துவிடும். அதைப் பார்த்துத் தீட்டிய பெர்லின் படத்தில் நமக்குத் தெரிந்த மீனின் நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். நிறம் 'தப்பாக' இருப்பதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

பூதக்கண்ணாடியை எடுங்கள்

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லூப் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இதை வாங்காமல் படம் வாங்காதீர்கள்.

லூப்பை மீனின் கண்ணுக்கு மேல் வையுங்கள். அங்கேதான் வேலை அதிகம் என்பதால் விஷயமும் அதிகம் தெரியும். கறுப்புக் கோடுகள் தொடர்ச்சியான, கூர்மையான கோடுகளாக இருக்கின்றனவா? அப்படியென்றால் தகட்டில் வெட்டிய அச்சு. அந்தக் கோடுகளுக்கு மேல் நீர்வண்ணம் ஒரு மெல்லிய திரை மாதிரி படிந்திருக்கும். ஓரத்தில் வண்ணம் தேங்கி உலர்ந்த இடம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். கண்மணியில் பளபளப்பாக ஒரு துளி இருந்தால் அது கருவேல வகைப் பிசின், ஈரமான கண் மாதிரி தெரிய வேண்டும் என்று வைத்தது. இவ்வளவும் பார்த்துவிட்டால் கையால் தீட்டிய தாள் என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

மாறாக, லூப்பில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூ வட்டம் மாதிரி தெரிந்தால் அது ஆப்செட் அச்சு. கறுப்புக் கோடுகூட உற்றுப் பார்த்தால் புள்ளியாக உடையும். மிக நுண்ணிய தெளிப்பு மாதிரி இருந்தால் கம்ப்யூட்டர் பிரிண்டர். இரண்டிலும் பேரம் பேசவே வேண்டாம், தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடுவில் ஒரு குழப்பமான வகை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வண்ணத்தையே அச்சில் ஏற்றும் முறைகள் பரவின. கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல், மர அச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டை. 1862 முதல் ப்ளீக்கர் வெளியிட்ட கிழக்கிந்தியத் தீவு மீன்களின் பெரிய தொகுப்பு வண்ணக் கல்லச்சு. 1879இல் ஹௌட்டன் வெளியிட்ட பிரிட்டன் நன்னீர் மீன்கள் நூலின் 41 படங்கள், இங்கிலாந்தின் டிரிஃபீல்டில் ஃபாசெட் என்ற அச்சகர் மரக்கட்டையில் எடுத்த வண்ண அச்சு. இவற்றை 'கையால் தீட்டியது' என்று விற்பவர்கள் நிறைய. சிலர் தெரியாமலே சொல்கிறார்கள். லூப்பில் ஒழுங்கில்லாத புள்ளிகளோ, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தட்டையான வண்ணப் பட்டைகளோ தெரிந்தால் இந்த வகைதான். படம் உண்மையிலேயே பழையது, அழகானது. வகை மட்டும் வேறு, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

அப்புறம் தாளின் ஓரம். செப்புத் தகட்டை ஈரக் காகிதத்தில் வைத்து உருளையால் அழுத்துவார்கள். அதனால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த ஒரு பள்ளம் இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் தெரியும், விரல் நுனிக்கும் தட்டுப்படும். இது இல்லாவிட்டாலும் உடனே பயப்பட வேண்டாம். கல்லச்சில் இந்தப் பள்ளம் வராது. சிறிய புத்தகங்களில் தகடு தாளைவிடப் பெரிதாக இருந்து வெட்டும்போது போயிருக்கலாம். ஆனால் ப்ளோக்கின் பெரிய தாளில் பள்ளமே இல்லை என்றால், ஓரம் நறுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.

தாளைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் காகிதத்துக்குள் இருக்கும் நீர்க்குறி தெரியலாம். 1794க்குப் பிறகு பல இங்கிலாந்துக் காகிதங்களில் உற்பத்தி வருடமே நீர்க்குறியாக வரும், வாட்மேன் காகிதம் அதற்குப் பேர்போனது. புத்தகத்தின் வருடத்துக்குச் சற்று முந்திய வருடம் இருந்தால் சரி. பத்துப் பதினைந்து வருடம் பிந்தியிருந்தால், அதே தகட்டிலிருந்து பின்னாளில் எடுத்த அச்சு.

வண்ணம் எப்போது ஏறியது?

அச்சு பழையது, காகிதம் பழையது, ஆனால் வண்ணம் போன வருடத்தது. இதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். நிறமில்லாத பழைய படத்துக்கு விலை குறைவு, வண்ணம் ஏற்றினால் சட்டென்று ஏறும்.

இங்கேயும் புத்தகம்தான் கைகொடுக்கும். பாட்ரிக் ரஸ்ஸல் 1803இல் விசாகப்பட்டினத்து மீன்கள் 200ஐப் படங்களோடு வெளியிட்டார். பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலைக் கொண்டுவந்தார். இரண்டிலும் படங்கள் பொதுவாகக் கறுப்பு வெள்ளை. அதிலிருந்து பளிச்சென்று வண்ணம் தீட்டிய தாள் வந்தால், தீட்டியவர் யார், எப்போது என்பதுதான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

அக்காலத்தில் வண்ணம் தீட்டுவது பட்டறை வேலை. முன்னால் ஒரு மாதிரித் தாள் இருக்கும். பெண்கள் அதிகம் வேலை செய்த இடங்களில் ஒருவர் நீலம், அடுத்தவர் மஞ்சள் என்று தாள் கைமாறிக்கொண்டே போகும். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் வண்ண அமைப்பு ஒன்றாக இருக்கும், தூரிகைத் தடம் வேறுவேறாக இருக்கும். இணைய நூலகத்துப் பிரதியைத் திறந்து வைத்து ஒப்பிடுங்கள். துடுப்பில் அங்கே மஞ்சள், இங்கே ஊதா என்றால் கேள்வி கேளுங்கள். அச்சு அசலாக, வழிந்த இடம்கூட மாறாமல் அதேபோல் இருந்தால் அந்தப் பிரதியையே நகல் எடுத்திருக்கிறார்கள்.

தாளைத் திருப்பியும் பாருங்கள். பழைய காகிதத்தில் பூசியிருந்த பசைத்தன்மை காலப்போக்கில் குறைந்துவிடும். அதன்மேல் இப்போது வண்ணம் வைத்தால் உறிஞ்சிப் பின்பக்கம் வரை இறங்கும். பழுப்புப் புள்ளிகளின் மேல் வண்ணம் உட்கார்ந்திருந்தால் புள்ளி வந்த பிறகு தீட்டியது என்று அர்த்தம். அதேசமயம், செம்பு கலந்த பழைய பச்சை காகிதத்தை மெதுவாக அரிக்கும், அந்த இடம் பின்பக்கத்தில் பழுப்பாகத் தெரியும். இது நல்ல அடையாளம், பழைய வண்ணம் என்பதற்குச் சாட்சி. வெள்ளிப் பூச்சு கறுத்திருப்பதும் அப்படித்தான். வெள்ளிக் குத்துவிளக்கு கறுக்கிற மாதிரி இதுவும் கறுக்கும். கறுத்த இடங்களை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கக் கூடாது.

வாங்கும்போது

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: புத்தகத்தின் பெயர், பதிப்பு, வருடம், பட எண், தாளின் அளவு, ஓரம் நறுக்கப்பட்டதா, வண்ணம் வெளியீட்டுக் காலத்தியதா, கிழிசல் ஒட்டியிருக்கிறதா. இதோடு மூன்று புகைப்படம் கேளுங்கள்: பின்பக்கம், மீனின் கண் மிக அருகில், பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளின் ஒரு மூலை. நல்ல வியாபாரி இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார், கேட்டதைவிடக் கூடுதலாக அனுப்புவார். திருப்பிக் கொடுக்கும் வசதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாளைச் சுருட்டாமல், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். அசல் அச்சுப்படங்கள் 9702, நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்கள் 9706 என்று சுங்கத்தில் தனித் தலைப்புகள் உண்டு. எந்தத் தலைப்பில் அனுப்புகிறார் என்று முன்கூட்டியே பேசிவிட்டால் சிக்கல் குறையும். இன்னொரு விஷயம்: 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை இந்தியாவிலிருந்து நாமாக வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குப் பரிசாக அனுப்பலாம் என்று இங்கே வாங்கி வைத்துவிடாதீர்கள்.

என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முழுதாக இருக்கும் புத்தகம் கைக்கு வந்தால் அதைப் பிரிக்காதீர்கள், பிரித்து விற்கச் சொல்லியும் கேட்காதீர்கள். ஏற்கெனவே தனியாகிப் போன தாள்களே சந்தையில் ஏராளம், ஒரு ஆயுளுக்குப் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

என்னிடம் வந்த இரண்டாவது தாள் அசல். அதை ஃப்ரேம் போடக் கொடுத்த கடையில் ஹார்ட்போர்டில் பசை தடவி முழுத் தாளையும் ஒட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போன பிறகு போர்டின் அமிலம் ஏறித் தாள் டீக்கறை மாதிரி ஆனது, பசைக்காக வந்த ராமபாணப் பூச்சி ஒரு மூலையைத் தின்றுவிட்டது. பிரித்தெடுக்கவும் முடியவில்லை.

அதனால் ஃப்ரேம் கடைக்குப் போகும்போது பக்கத்தில் நின்று சொல்லுங்கள். தாளின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு ஜப்பான் காகிதத் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, அமிலமில்லாத அட்டையில் தொங்கவிட வேண்டும். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று இடைவெளி கொடுக்க வேண்டும். கண்ணாடி தாளைத் தொட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் வண்ணம் அதில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப் எங்கேயும் கூடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. கிடைத்தாலும் வெயில் படும் சுவரும், சமையலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். சில மாதத்துக்கு ஒரு தடவை மாட்டியதை இறக்கி, வேறொன்றை மாட்டுங்கள்.

சுத்தம் செய்யும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நீர்வண்ணமும் பிசினும் தண்ணீரில் கரையும். ஈரத்துணி ஒரு தடவை பட்டால் கண்மணியில் இருந்த பளபளப்பு போய்விடும், திரும்ப வராது. பழுப்புப் புள்ளி உறுத்தினால் காகிதப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநரிடம் கொண்டு போங்கள். என் தாள்களில் புள்ளிகள் இருக்கின்றன. நான் அப்படியே விட்டுவிட்டேன்.

மாட்டாத தாள்களை அமிலமில்லாத உறையில், படுக்கை வசமாக, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஈரம் வாங்கும். நாப்தலின் உருண்டையைத் தாளோடு சேர்த்துப் போட வேண்டாம். மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பதே பூச்சிக்குப் பெரிய தடை.

தாளின் மேல் எதுவும் எழுதாதீர்கள். உறையின் மேல் மென்மையான பென்சிலால் புத்தகம், வருடம், பட எண், வாங்கிய நாள், கொடுத்த விலை எல்லாவற்றையும் குறித்து, ரசீதை வேறு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். நான் அதோடு மீனின் தமிழ்ப் பெயரையும் எழுதுகிறேன். போன மாதம் வந்த உறையில் இப்படி இருக்கிறது: ப்ளோக், 1793, படம் 356, கறுத்த கத்தாழை.